இரும்புக்கு ஒரே வாசல்

இரும்பினி மாத்திரை கடைகளுக்கு வந்தபோது கோகிலவாணிக்கு நாற்பத்திரண்டு வயது. அதுவரை அவள் விழுங்கியிருந்த இரும்புச்சத்து மாத்திரைகளையெல்லாம் உருக்கி வார்த்தால் ஒரு பம்ப்செட்டே செய்துவிடலாம் என்று அவள் கணவன் சிவசண்முகம் கேலி செய்வான். கேலியில் ஒரு பொருத்தம் இருந்தது. கோயம்புத்தூருக்கு வெளியே, அரசூர் பக்கம், மோட்டார் பம்ப் செய்யும் தொழிற்சாலை ஒன்றில்தான் அவள் மனிதவள மேலாளராக இருந்தாள். இரண்டாம் மாடியில் இருக்கும் தன் அறைக்கு ஏறும்போது நடுவில் நின்று, கைபேசியில் ஏதோ அவசரச் செய்தி பார்ப்பவள் போல மூச்சு வாங்கிக்கொள்வாள். வீட்டில் அரிசி டப்பாவைத் திறந்தால் ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டுக்கொள்ளாமல் மூட முடியாது. ரத்தத்தில் இரும்பு குறைந்தவர்களுக்கு இப்படி விசித்திரமான ஆசைகள் வருமென்று டாக்டர் விளக்கிய பிறகும் டப்பா சீக்கிரம் காலியாகிக்கொண்டுதான் இருந்தது.

இரும்பினியில் இரும்பு கிடையாது. அதுதான் அதன் சூட்சுமம். கீரையிலும் கேழ்வரகிலும் இரும்புக்குக் குறைவில்லை. ஆனால் சாப்பிட்டதில் பெரும்பகுதி குடலில் ஒட்டாமல் வெளியே போய்விடும். கூடவே வைட்டமின் சி இருந்தால் உடம்பு அந்த இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் வைட்டமின் சி உடம்பிலேயே ஊறுகிறது. மனிதன் அந்தத் திறமையை எந்த யுகத்திலோ தொலைத்துவிட்டான். இரும்பினிக்குள் இருந்தது ஒரு நுண்ணுயிர். ஒரே ஒரு முறை விழுங்கினால் போதும், குடல் சுவரில் குடியேறி, ஆயுளுக்கும் அங்கேயே உட்கார்ந்து வைட்டமின் சி தயாரித்துக்கொண்டிருக்கும். தினமும் மாத்திரை விழுங்க மறந்துபோகிற ஒரு நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து இருக்க முடியாது.

கோகிலவாணி அதை விழுங்கினாள். சில வாரங்களில் மாடிப்படி சிறியதாகிவிட்டது. அரிசி டப்பாவை மறந்தாள். மதியம் சாப்பிட்ட பின் கண்ணைச் செருகிக்கொண்டு வரும் அந்தப் பழைய சோர்வு எங்கே போனதென்று தெரியவில்லை. தொழிற்சாலையிலும் அதே கதை. மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவில் முழுக்க முழுக்கப் பெண்கள். தலைசுற்றி உட்காருவதும், முகத்தில் தண்ணீர் தெளிப்பதுமாக இருந்த அந்தக் கூடத்தில் இப்போது பாட்டுச் சத்தம் கேட்டது. மாலை ஷிப்ட் முடிந்து, ஓட்டுநர் இல்லாத டவுன்பஸ்ஸில் ஏறும்போதும் அவர்கள் வளவளவென்று பேசிக்கொண்டே போனார்கள். ஊர் முழுக்க இப்படித்தான். பெண்கள் ஓடினார்கள், நீந்தினார்கள், மலையேறினார்கள். இவ்வளவு காலமும் யாரோ தங்களைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது போலவும், அந்தக் கை திடீரென்று விட்டுவிட்டது போலவும் அவர்களுக்கு இருந்தது.

சிவசண்முகம் மின்சார ஸ்கூட்டர் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். தினமும் காலையில் காலனி மைதானத்தில் இருவரும் ஷட்டில் ஆடுவார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவன்தான் ஜெயிப்பான். அது போட்டி என்பதைவிட ஒரு சம்பிரதாயம் போல ஆகியிருந்தது. அந்த வருஷம் மார்கழியில் அவள் முதல் தடவையாக அவனைத் தோற்கடித்தாள். மறுநாளும் தோற்கடித்தாள். மூன்றாம் நாள் அவன் முழங்கால் வலி என்று சொல்லிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். வயசாகிவிட்டது போலிருக்கிறதே என்று அவள் சும்மா ஒரு வார்த்தை சொன்னாள். அவன் சிரித்தான், ஆனால் அந்த வார்த்தை அவனுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

அவனைப் போன்ற ஆண்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். பெண்களுக்கு மட்டும்தான் விற்போம் என்று இரும்பினி செய்த கம்பெனி சொல்லியிருந்தது. ஆண்களுக்கு மட்டும் உடம்பில்லையா என்று முதலில் நகைச்சுவையாகவும் பிறகு கோபமாகவும் கேட்கத் தொடங்கினார்கள். தொலைக்காட்சியில் விவாதம் நடந்தது. ஒரு வயதான மருத்துவர் ஆண்களுக்கு இது வேண்டியதில்லை என்று சொல்ல வாயெடுத்தார். விளம்பர இடைவேளை வந்துவிட்டது. சில மாதங்களில் கறுப்பு அட்டைப் பெட்டியில், கர்ஜிக்கும் சிங்கத்தின் படத்தோடு, ‘இரும்பினி வீரா’ வந்தது. உள்ளே இருந்தது அதே மாத்திரைதான். சிவசண்முகம் வரிசையில் நின்று வாங்கினான்.

முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. மறுபடியும் ஷட்டிலில் ஜெயித்தான், மீசையை முறுக்கிக்கொண்டான். இரண்டாம் வருஷம் அவன் நிறம் மாறியது. வெயிலில் அலைந்த கறுப்பு இல்லை அது; பித்தளைப் பாத்திரத்தைப் புகையில் காட்டியது போல ஒரு மினுக்கம். எங்கேயாவது கடற்கரைக்குப் போய்வந்தீர்களா என்று ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர்கள் விசாரித்தார்கள். அதுவும் அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்ளங்கையோடு சேரும் கணுக்கள் வலிக்க ஆரம்பித்தன. ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது. சர்க்கரை ஏறியது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். காபியில் சூடு குறைந்ததற்கு ஒரு நாள் டம்ளரைத் தள்ளிவிட்டான். பிறகு அவனே துணியெடுத்துத் துடைத்தான். கோகிலவாணி டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சினாள். மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டை எல்லாம் சரியாகத்தான் காட்டுகிறது என்று அவன் கையை நீட்டுவான். அந்தப் பட்டை நாடித்துடிப்பைப் பார்க்கும், ரத்தத்தில் ஓடும் பிராணவாயுவைப் பார்க்கும். இரும்பைப் பார்க்க அதற்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

அதே சமயத்தில் தொழிற்சாலையில் இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரி ஆட்கள் ஒவ்வொருவராக விடுப்பு கேட்டு வந்தார்கள். மூட்டு வலி, அசதி, வயிற்றின் வலப்பக்கம் கனமாக இருக்கிறது. உலைக்குப் பக்கத்தில் வேலை, வெக்கைதான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். கருப்பணசாமி என்று ஒருவர் இருந்தார். அச்சுப் பெட்டியைத் தனியாளாகத் தூக்கிப் போடுகிற உடம்பு. இருதயம் தாளம் தப்பி, ஒரு மத்தியானம் உணவுக்கூடத்தில் தட்டின் மேலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அவர் வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்த கோகிலவாணிக்கு, அங்கே கிடத்தியிருந்த அவர் முகத்தின் நிறம் மனதைவிட்டுப் போகவில்லை. அந்த மினுக்கத்தை அவள் தினமும் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவள் ஷட்டிலுக்குப் போகும் உடையிலேயே சிவசண்முகத்தை வண்டியில் உட்காரவைத்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அவன் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

டாக்டர் ஃபௌசியா ரத்த நோய்களுக்கான மருத்துவர். நடுத்தர வயது, அவசரமே இல்லாத பேச்சு. சோதனை முடிவைப் பார்த்துவிட்டு சிவசண்முகத்தின் வலது கையை எடுத்து அந்த இரண்டு கணுக்களையும் மெதுவாக அழுத்தினார். அவன் பல்லைக் கடித்தான்.

“கறுப்புப் பெட்டி வாங்கினீங்களாக்கும்?” என்று கேட்டார்.

அவன் தலையாட்டினான்.

“நம்ம உடம்புல இரும்பு உள்ள வர்றதுக்கு ஒரு வாசல் இருக்குதுங்க. வெளிய போறதுக்குன்னு தனியா வாசலே கிடையாது. அதனால, போதும்னு ஆனதும் கதவைச் சாத்துறதுக்கு ஒரு வாட்ச்மேன் உண்டு. அந்த மாத்திரைக்குள்ள இருந்த பூச்சி நாள் பூரா வைட்டமினை ஊத்தி ஊத்தி அந்த வாட்ச்மேனைத் தூங்க வச்சிருச்சு. இப்போ சாப்பிடுற ஒவ்வொரு வாயிலயும் இருந்து இரும்பு சேருது. கல்லீரல்ல, இருதயத்துல, விரல் மூட்டுல.”

கோகிலவாணி தானும் அதே மாத்திரையை அவனுக்கு முன்னாலேயே விழுங்கியதையும், தனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதையும் சொன்னாள்.

“உங்களுக்கு ஏன் ஆகணும்? நீங்க மாசாமாசம் வெளிய விட்டுடறீங்களே,” என்றார் டாக்டர். “ரத்தத்தோட இரும்பும் போயிருதுங்க. அந்தக் கணக்கை வச்சுத்தான் இதைப் பொம்பளைங்களுக்குன்னு செஞ்சாங்க. இவருக்குப் போக்கிடம் இல்லையே.”

அந்தப் பூச்சியைக் கொல்ல முடியாதா என்று சிவசண்முகம் கேட்டான். குடல் சுவரோடு சுவராக அது ஆகிவிட்டது, அதைக் கொல்லும் மருந்து குடலையும் சேர்த்துக் கொன்றுவிடும் என்று டாக்டர் விளக்கினார். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு ஒட்டாதென்று எங்கேயோ படித்ததாக அவன் சொன்னான். அது சாதாரணக் குடலுக்குச் சரி, இங்கே ஆற்றுவெள்ளத்துக்கு ஓலைத் தட்டியால் அணை கட்டுவது போல என்றார் அவர்.

“அப்புறம் என்னதானுங்க வழி?”

“ரத்தம் எடுக்கிறதுதான். முதல்ல வாராவாரம் ஒரு பை. அளவு இறங்கினதும் மாசத்துக்கு ஒரு தடவை. ஆயுசுக்கும்.”

சிவசண்முகம் மிகவும் மெதுவாக, மாசாமாசமா என்று மட்டும் கேட்டான். கோகிலவாணிக்கு அந்த இடத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அவன் முதுகைத் தடவினாள்.

கருப்பணசாமியின் வீட்டுக்காரர்களையும் இன்னும் சிலரையும் சேர்த்துக்கொண்டு டாக்டர் ஃபௌசியா பத்திரிகைக்காரர்களிடம் பேசினார். செய்தி பற்றிக்கொண்டது. கறுப்புப் பெட்டியைக் கடைகளிலிருந்து எடுத்தார்கள். கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டது. வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் மாத்திரையை விழுங்கிய ஆண்கள் விழுங்கியவர்கள்தான். மாதம் ஒரு தடவை ஊசி, ஒரு பை ரத்தம். பிழைத்துக்கொள்ளலாம்.

ஆண்கள் அதற்குப் பழகிய விதம்தான் வேடிக்கை. ஆரம்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முழுக்கைச் சட்டை போட்டு பிளாஸ்திரியை மறைத்தார்கள். டீக்கடையில் ஒருவர் இன்னொருவர் காதில், உனக்கு எப்போது என்று கேட்டார். நாளைக்கு என்று பதில் வந்தது. ரத்தம் எடுத்த ஆண்கள் கோயில் தேர் வடத்தைத் தொடலாமா என்று ஒரு பெரியவர் சந்தேகம் கிளப்பினார். ஊர்க்கூட்டம் கூடியது, ஒரே பேச்சில் தீர்ந்தது. உடம்பு விஷயம், இதில் என்ன தீட்டு, தாராளமாகத் தொடலாம். அந்தக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் காபி வந்துவிட்டது.

சிவசண்முகம் ரத்தம் எடுத்துவிட்டு வந்த முதல் சில வாரங்கள் சோபாவிலேயே கிடந்தான். கால் கனக்கிறது, இடுப்புக்குக் கீழே இழுக்கிறது, யார் பேசினாலும் எரிச்சலாக இருக்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று ஒவ்வொன்றாக ஒப்பித்தான். அவள் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து இடுப்புக்கு அடியில் வைத்தாள். எந்த இடத்தில் வைத்தால் இதமாக இருக்கும் என்று இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவன் யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

“ஏன் அம்மிணி, இத்தன வருசமா உனக்கு இப்படித்தான் இருந்துச்சா?”

“இதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாவே இருந்துச்சுங்க. வலியும் சேர்ந்து வருமில்ல.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே நீ.”

“சொன்னேனுங்க,” என்றாள் அவள். “நீங்கதான் டிவியைக் கொஞ்சம் சத்தமா வச்சீங்க.”

அந்த மாதம் அவளுக்கு நாள் வந்தபோது சமையலறையிலிருந்து சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அவன் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தான். உப்பு கூடிப்போயிருந்தது, அவள் சொல்லவில்லை.

தொழிற்சாலையின் நிர்வாக இயக்குநர் தேவநாதனும் கறுப்புப் பெட்டிக்காரர்தான். அறுபதைத் தொடப்போகும் வயது. கெட்ட மனிதர் இல்லை. தொழிலாளி வீட்டுக் கல்யாணம் ஒன்றைக்கூடத் தவறவிட மாட்டார். ஆனால் வைண்டிங் பிரிவுப் பெண்களுக்கு மாதம் இரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும் என்று கோகிலவாணி இருமுறை கேட்டும் இருமுறையும் மறுத்திருந்தார். முதல் தடவை, உடம்பு சமாசாரத்தையெல்லாம் ஆபீசுக்குள் கொண்டுவந்தால் கம்பெனி நடத்த முடியாது என்றார். இரண்டாம் தடவை, இரும்பினி வந்த பிறகு பெண்கள்தான் இரும்பு மாதிரி ஆகிவிட்டார்களே, இன்னும் எதற்கு என்றார். தெம்பு வந்தது, வலி போகவில்லை என்று அவள் எவ்வளவு சொல்லியும் அது அவர் காதில் ஏறவில்லை. வைண்டிங்கில் ஜெசிந்தா என்ற பெண் வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வருவாள். ஒரு நாள் வலியில் கை நடுங்கி, சுற்று எந்திரத்தில் விரல் நுனி போய்விட்டது. அது கவனக்குறைவு என்று பதிவானது.

இப்போது தேவநாதனே அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். ஃபவுண்டரியிலும் அசெம்பிளியிலும் ஆண்கள் ரத்தம் எடுத்த மறுநாள் தள்ளாடிக்கொண்டு வருகிறார்கள், இது ஆபத்து, ஆகவே அவர்களுக்கு மாதம் இரண்டு நாள் முழுச் சம்பளத்தோடு விடுப்பு, படுத்துக்கொள்ள ஓர் ஓய்வறை, இதையெல்லாம் உடனே விதியாக எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். குரலில் உண்மையான அக்கறை இருந்தது. அவள் சரி என்று சொல்லிவிட்டு மேலே போனாள். கோபப்படலாமா என்று படிகளில் ஒரு கணம் யோசித்தாள். கோபத்தைவிட ஒரு வேகம்தான் வந்தது. மதியத்துக்குள் எழுதி முடித்துக்கொண்டு வந்தாள்.

தேவநாதன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

“மாதந்தோறும் ரத்தம் இழக்கும் எல்லா ஊழியர்களுக்கும்னு போட்டிருக்கீங்க. ஆண் ஊழியர்களுக்குன்னு இருக்கணும். ஒரு வார்த்தை விட்டுப்போச்சுங்களே மேடம்.”

“விட்டுப்போகலீங்க சார்.”

அவர் காகிதத்தைக் கீழே வைத்தார். வைண்டிங் கூடத்தில் பாதிப் பேர் மாதம் இரண்டு நாள் போய்விட்டால் உற்பத்தி என்ன ஆகும் என்று கேட்டார். ஃபவுண்டரியில் பாதிப் பேர் போனால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும், ஆளை மாற்றிப் போட்டு இரண்டையும் சமாளிக்க வழி எழுதியிருக்கிறேன் என்றாள் அவள். அவர் அதை மறுக்கவில்லை. ஆனால் இறங்கியும் வரவில்லை.

“அவங்களுக்கு அது இயற்கைங்க. எங்களுக்கு இது நோய். ரெண்டும் ஒண்ணாகுங்களா?”

“ஒண்ணு கேட்டுக்கட்டுங்களா சார்? முந்தாநேத்து உங்களுக்கு எடுத்தாங்க. நேத்து எப்படி இருந்துச்சு?”

தேவநாதன் யோசித்தார். சொல்வதற்குக் கூச்சமாக இருந்தது போலும். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “காலு ரெண்டும் நம்முளுதே இல்லாத மாதிரி. யாரு வந்து பேசினாலும் போய்த் தொலைன்னு சொல்லத் தோணுச்சு. வீட்ல பேரன் மேல கையை ஓங்கிட்டேனுங்க. அப்புறம் நானே உக்காந்து...”

அவர் நிறுத்திக்கொண்டார். கீழே வைண்டிங் கூடத்திலிருந்து எந்திரங்கள் சுற்றும் ஓசை மட்டும் வந்துகொண்டிருந்தது. அவர் நெடுநேரம் அதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் போலிருந்தார்.

“அந்த விரல் போன பொண்ணு பேரென்னங்க?” என்று கேட்டார்.

“ஜெசிந்தாங்க சார்.”

“அது கவனக்குறைவுன்னு எழுதினதை மாத்திருங்க,” என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் தேடினார். விரல் கணுக்கள் வீங்கியிருந்ததால் கையெழுத்துப் போடச் சற்று நேரம் பிடித்தது.

ஓய்வறை திறந்தார்கள். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, நடுவில் ஒரே வெந்நீர்க் குழாய். பக்கத்துத் தொழிற்சாலைகளும் அந்த விதியை வாங்கி வார்த்தை மாற்றாமல் போட்டுக்கொண்டன. ஆண்கள் கொடுத்த ரத்தம் வீணாகவில்லை. பிரசவ வார்டுகளில், இரும்பினி போய்ச் சேராத மலைக் கிராமங்களில், அது யார் யாருடைய நரம்புகளிலோ ஓடியது. சிவசண்முகத்தின் நிறம் மெல்ல மெல்லப் பழையபடி திரும்பியது. விரல் கணுக்கள் மட்டும் முழுதாகச் சரியாகவில்லை. ஷட்டிலில் மட்டையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, தினமும் தோற்று, தினமும் ஆடினான்.

சில வருஷங்கள் இப்படியே போயின. கோகிலவாணி ஐம்பதை நெருங்கியபோது மாதம் தள்ளிப் போனது, பிறகு இன்னும் தள்ளிப் போனது, பிறகு வரவே இல்லை. ஒரு வருஷம் பார்த்துவிட்டு, இனி வராது என்று நிச்சயமானதும் அவள் நாப்கின்கள் வைத்திருந்த அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்தாள். அங்கே புடவைகளை அடுக்கினாள். சாயங்காலம் கடைக்குப் போய்த் தனக்கென்று ஒரு வெள்ளைச் சுடிதார் வாங்கினாள். பயமில்லாமல் வெள்ளை போடலாம் என்ற நினைப்பே அவளுக்குப் போதையாக இருந்தது. அந்தச் சுடிதாரோடுதான் வருடாந்திரப் பரிசோதனைக்கு டாக்டர் ஃபௌசியாவிடம் போனாள்.

டாக்டர் சோதனை முடிவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்தார். அவள் கையை எடுத்து ஆள்காட்டி விரல் கணுவையும் நடுவிரல் கணுவையும் மெதுவாக அழுத்தினார்.

“போக்கிடம் அடைச்சுப் போச்சு. இனி நீங்களும் உங்க வீட்டுக்காரர் கட்சிதானுங்க.”

வலி இன்னும் வரவில்லை. ஆனால் இரும்பு ஏற ஆரம்பித்திருந்தது. இந்தக் கணக்கை நாம் யாருமே போட்டுப் பார்க்கவில்லையே என்று கோகிலவாணி கேட்டாள். மாத்திரை செய்தவர்கள் இளம்பெண்களை வைத்துத்தான் சோதித்தார்கள், அந்தப் பெண்களுக்கும் ஒரு நாள் ஐம்பது வயதாகும் என்று யாருக்கும் தோன்றவில்லை என்றார் டாக்டர். அடுத்த வாரமே தொடங்கிவிடலாம் என்று நாள் குறித்துக் கொடுத்தார்.

அன்று சிவசண்முகமும் தன் முறையை அதே நாளுக்கு மாற்றிக்கொண்டு கூட வந்தான். ரத்த வங்கியின் நீளமான கூடத்தில் சாய்வு நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. ஆண்கள் நிதானமாகச் சாய்ந்து, ஒரு கையை நீட்டிக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஊசி ஏறும்போது அந்தப் பக்கம் பார்க்காதே, முடிந்ததும் சட்டென்று எழுந்திருக்காதே, நாளைக்கு விடுப்பு சொல்லிவிடு என்று அவன் அனுபவசாலியைப் போல அடுக்கிக்கொண்டே போனான். அவளும் பயந்தவள் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் சின்னப் பெண். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் இருக்கும். கோகிலவாணியின் வெள்ளைச் சுடிதாரின் கையை மடித்துவிட்டு, முழங்கைக்கு மேலே பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிக்கொண்டே ஆதரவாகக் கேட்டாள்.

“ரத்தம் போறது உங்களுக்கு இதுதான் முதல் தடவையாக்கா?”

கோகிலவாணி தலையைத் திருப்பிக் கணவனைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியிலிருந்து சிவசண்முகம்தான் சொன்னான்.

“இல்லீங்க சிஸ்டர். இவங்க ரொம்ப சீனியர். நாங்கெல்லாம்தான் புதுசு.”